கால் மைல் குறைந்தால் கணக்கில் சேராது

1938-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் ஆர்தர் எடிங்டன், அந்தக் காலத்தில் உலகின் மிகப் பெரிய வானியற்பியல் அறிஞர்களில் ஒருவர். 1919-இல் சூரிய கிரகணத்தைப் படம்பிடித்து, ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கொள்கை சரிதான் என்று உலகத்துக்குக் காட்டியவர் இவர்தான். கடிதம் யாருக்கு? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பத்தொன்பது வயதில் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போய், அப்போது அமெரிக்காவில் வேலையில் இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு.

இரண்டு பெரிய விஞ்ஞானிகள், அதனால் நட்சத்திரங்களைப் பற்றித்தான் கடிதம் இருக்கும் என்று நினைப்போம். ஆனால் அதில் சைக்கிளும் இருந்தது! தன்னுடைய சைக்கிள் எண் இன்னும் 75-லேயே நிற்கிறது என்று எடிங்டன் எழுதியிருந்தார். ஈஸ்டர் விடுமுறையில் ஓட்டிய இரண்டு பயணங்கள் 74¾ மைலில் முடிந்துவிட்டன, அவை கணக்கில் சேராது, அடுத்த எண்ணுக்குத் தாவ இன்னும் நான்கு பயணங்கள் வேண்டும் என்று வருத்தப்பட்டிருந்தார்.

74¾ மைல் என்பது சுமார் 120 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் மிதித்தவர் 'கிட்டத்தட்ட 75' என்று எழுதிக்கொண்டிருந்தால் கேட்க ஆளில்லை. போட்டி இல்லை, நடுவர் இல்லை, பரிசும் இல்லை. கணக்கு வைத்தவரும் அவரே, தணிக்கை செய்தவரும் அவரே. அப்படியும் அந்தக் கால் மைலை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை.

சைக்கிள் ஓட்டுபவர் தனக்குத்தானே ஒரு இலக்கு வைப்பது, அதை எழுதி வைப்பது, அதற்கு ஒரு கருவி தேடுவது இதெல்லாம் இன்று செல்போன் வந்த பிறகு பிறந்த பழக்கம் போலத் தெரியும். உண்மையில் இதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால், சைக்கிள் பயணத்துக்கு எந்த போன் வாங்கலாம் என்ற இன்றைய கேள்விக்கும் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

எடிங்டன் எண் என்றால் என்ன?

முதலில் அந்த 75 என்ன என்று பார்த்துவிடலாம். 75 மைலோ அதற்கு மேலோ ஓட்டிய நாட்கள் குறைந்தது 75 இருந்தால் எண் 75. அடுத்து 76 ஆக வேண்டுமானால் 76 மைலோ அதற்கு மேலோ ஓட்டிய நாட்கள் 76 இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு சின்ன உதாரணம். ஒருவர் ஐந்து நாட்களில் 12, 9, 7, 4, 3 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டிய நாட்கள் நான்கு. எனவே அவருடைய எண் 4. ஐந்து ஆக வேண்டுமானால் ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாத நாட்கள் ஐந்து வேண்டும். அவரிடம் மூன்றுதான் இருக்கிறது. இன்னும் இரண்டு நாள் ஓட்டியாக வேண்டும்.

கேட்பதற்கு எளிமை, ஆனால் இதில் ஒரு சாமர்த்தியம் ஒளிந்திருக்கிறது. ஒரே நாளில் வீராப்பாக 200 கிலோமீட்டர் ஓட்டினாலும் எண் ஒன்றுக்கு மேல் ஏறாது. தினமும் கல்லூரிக்குப் பத்து கிலோமீட்டர் போய் வருபவருக்குப் பத்தே நாளில் எண் 10 ஆகிவிடும். அதோடு நின்றும்விடும். பிறகு பத்து வருடம் அதே பாதையில் போனாலும் 11 ஆகாது. ஆக, தூரமும் வேண்டும், தொடர்ச்சியும் வேண்டும். எண் ஏற ஏற, பழைய சின்னப் பயணங்கள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து உதிர்ந்துகொண்டே போகும். மேலே போகப் போக அடுத்த படி உயரமாகிக்கொண்டே இருக்கும் மாடிப்படி மாதிரி.

இதே சூத்திரத்தைக் கல்லூரி வட்டாரத்தில் வேறு பெயரில் கேள்விப்பட்டிருக்கலாம். 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், ஆராய்ச்சியாளர்களை அளக்க 'எச் குறியீடு' என்று ஒன்றைச் சொன்னார். குறைந்தது 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 இருந்தால் எச் குறியீடு 20. மைலுக்குப் பதில் மேற்கோள், நாளுக்குப் பதில் கட்டுரை. மற்றபடி எடிங்டன் தன் சைக்கிளுக்குப் போட்ட கணக்கேதான்! ஒரு பெரிய வித்தியாசம் மட்டும் உண்டு. எடிங்டன் தன்னைத்தானே அளந்துகொண்டார். எச் குறியீட்டை வைத்து ஒருவரை மற்றவர்கள் அளக்கிறார்கள். அதனால்தான் தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டிக்கொள்வது போன்ற குறுக்குவழிகளும் கூடவே வந்தன.

இந்த வித்தியாசம் சைக்கிள் வரலாறு முழுக்க வருகிறது. அதனால் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

சக்கரம் எண்ணிய பெட்டி

1890-கள் சைக்கிளின் பொற்காலம். பெரிய முன்சக்கர வண்டி வழக்கொழிந்து, இரண்டு சக்கரமும் ஒரே அளவில் இருக்கும் 'சேஃப்டி' சைக்கிள் வந்துவிட்டது. காற்றடைத்த டயரும் வந்துவிட்டது. நடுத்தர வர்க்கத்துக்கு முதல் முறையாகக் குதிரையும் ரயிலும் இல்லாமல் ஊர் விட்டு ஊர் போக முடிந்தது. போய் வந்தவர்களுக்கு அடுத்த கேள்வி, எவ்வளவு தூரம் போனோம்?

1895-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் கர்ட்டிஸ் வீடர் என்பவர் 'சைக்ளோமீட்டர்' என்ற சின்னக் கருவியைச் செய்து விற்க ஆரம்பித்தார். வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. சக்கரக் கம்பியில் ஒரு சின்ன முனை. அது ஒவ்வொரு சுற்றிலும் முன் அச்சின் பக்கத்தில் பொருத்திய பெட்டியின் பல்சக்கரத்தை ஒரு தட்டு தட்டும். 28 அங்குலச் சக்கரம் ஒரு மைலுக்கு சுமார் 720 முறை சுற்றும். உள்ளே இருக்கும் பற்கள் அந்தச் சுற்றுகளை மைலாக மாற்றி எண்ணாகக் காட்டும். பாட்டரி கிடையாது, சிக்னல் கிடையாது.

இதிலும் பிழை உண்டு. டயரில் காற்று குறைந்தால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் குறையும். கருவிக்கு அது தெரியாது, அது சுற்றை மட்டும்தான் எண்ணும். எனவே உண்மையை விடக் கொஞ்சம் அதிகமாகவே காட்டும். ஒரு சதவீதப் பிழை என்றால் 75 மைலுக்கு முக்கால் மைல். எடிங்டனுக்குக் குறைந்ததோ கால் மைல்தான்!

கருவி வந்ததும் போட்டியும் வந்தது. 1911-இல் பிரிட்டனின் 'சைக்கிளிங்' பத்திரிகை ஒரு போட்டி வைத்தது. ஒரு வருடத்தில் யார் அதிக முறை 100 மைல் ஓட்டுகிறார்கள்? மார்செல் பிளேன்ஸ் என்பவர் 332 முறை ஓட்டி வென்றார். அந்த வருடம் மட்டும் அவர் மிதித்தது 34,366 மைல். 'ஒரு வருடத்தில் எத்தனை மைல்' என்ற சாதனைப் பட்டியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஓட்டப் பந்தயம் அல்ல, அத்தாட்சி

இதே காலத்தில் பிரான்சிலும் இத்தாலியிலும் வேறு ஒரு வழி உருவானது. 1891-இல் பியேர் ஜிஃபார் என்ற பத்திரிகையாளர் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்பும் பந்தயத்தை நடத்தினார். சுமார் 1,200 கிலோமீட்டர். சார்ல் தெர்ரோன் என்பவர் 72 மணி நேரத்துக்குள் முடித்து வென்றார். அது பந்தயம், முதலில் வந்தவருக்கு மாலை.

ஆனால் 1897-இல் இத்தாலியில் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீட்டரைப் பகல் வெளிச்சத்துக்குள் ஓட்டி முடிக்க முயன்றார்கள். யார் முதலில் என்பது அங்கே கேள்வியே இல்லை. சூரியன் மறைவதற்குள் முடிப்பதுதான் இலக்கு. இதிலிருந்துதான் 'ஆடாக்ஸ்' என்ற பெயர் வந்தது. 'துணிச்சலானவர்' என்று பொருள். பிறகு 1921 முதல் பாரிஸின் ஆடாக்ஸ் சங்கம், ஒவ்வொருவரும் தன் வேகத்தில் ஓட்டும் 'பிரவே' பயணங்களை நடத்த ஆரம்பித்தது. பிரவே என்றால் அத்தாட்சிப் பத்திரம்.

இந்தப் பயணங்களின் விதி இன்றும் அதேதான். 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. முன்னால் வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் ஒரே பத்திரம். வழியில் குறிப்பிட்ட இடங்களில் அட்டையில் முத்திரையும் நேரமும் வாங்க வேண்டும். இந்தியாவிலும் இந்தப் பயணங்கள் நடக்கின்றன. சென்னை, கோயம்புத்தூர் வட்டாரங்களில் ஓட்டுபவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். முத்திரை குத்த ஆள் இல்லாத இடத்தில் ஏடிஎம் சீட்டையோ கடை ரசீதையோ அத்தாட்சியாகக் காட்டுவதும் உண்டு. வணிகவியல் படிப்பவர்கள் பாஷையில் சொன்னால், வவுச்சர் இல்லாமல் கணக்கில் பதிவு இல்லை!

இரண்டு பேர், இரண்டு வருடங்கள்

வருட மைல் கணக்குக்குத் திரும்புவோம். 1930-களில் அது ஒரு வெறியாகவே மாறியது. 1936-இல் வால்ட்டர் கிரீவ்ஸ் என்ற ஒரு கை இழந்த தொழிலாளி 45,383 மைல் ஓட்டினார். அடுத்த வருடமே ஆஸ்திரேலியாவின் ஆஸி நிக்கல்சன் அதை 62,657 ஆக்கினார்.

1938 ஜனவரி 1 அன்று பில்லி ஃபிளெமிங் என்ற இருபத்து நான்கு வயதை எட்டாத பெண் லண்டனிலிருந்து கிளம்பினார். அவர் ஏற்கெனவே இருந்த எந்தச் சாதனையையும் முறியடிக்கப் போகவில்லை. சைக்கிள் ஓட்டினால் ஒரு சாதாரணப் பெண் எவ்வளவு உடல்நலத்தோடு இருக்கலாம் என்று காட்டுவதே தன் நோக்கம் என்றார். ஒரு நாள் கூட விடாமல் வருடம் முழுக்க ஓட்டினார். மழை, பனி, குளிர் எல்லாவற்றிலும். ஆண்டு முடிவில் 29,603 மைல், நாளுக்குச் சராசரி 81. தினமும் அட்டையில் ஒரு சாட்சியின் கையெழுத்து வாங்கி 'சைக்கிளிங்' பத்திரிகைக்கு அனுப்பினார். பெண்களில் அந்தத் தூரத்தை 2016 வரை யாரும் தாண்டவில்லை. அவர் நூறு வயது வாழ்ந்து 2014-இல் காலமானார்.

அடுத்த வருடம் டாமி காட்வின். ஸ்டோக் நகரத்து இளைஞர். 1939 ஜனவரி 1 அதிகாலையில் கிளம்பியவர் அந்த வருடம் ஓட்டிய தூரம் 75,065 மைல். அதாவது ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டருக்கும் மேல்! நாளுக்குச் சராசரி 205 மைல். இத்தனைக்கும் செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. இரவில் விளக்குகளை மறைத்து ஓட்ட வேண்டிய நிலை. டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தாமல், 1940 மே மாதம் 500 நாளில் ஒரு லட்சம் மைலையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினார். பிறகு விமானப்படையில் சேர்ந்தார்.

காட்வினின் கதையில் ஒரு கசப்பும் உண்டு. அவ்வளவு தூரம் ஓட்ட சைக்கிள் நிறுவனங்களின் பண உதவி வேண்டியிருந்தது. போர் முடிந்து திரும்பி வந்து சாதாரண அமெச்சூர் பந்தயங்களில் ஓட விரும்பினார். பணம் வாங்கி ஓட்டியவர் அமெச்சூர் ஆக முடியாது என்று சங்கங்கள் சொல்லிவிட்டன. நண்பர்கள் மனுக் கொடுத்தும் பலனில்லை. அவர் தேடிய எண் அவருக்குக் கிடைத்தது. அதற்கு விலையாக அவர் விரும்பிய விளையாட்டு அவரிடமிருந்து போனது. அந்த எண்ணைத் தாண்ட 2016 ஜனவரி வரை யாராலும் முடியவில்லை. அமெரிக்காவின் கர்ட் சியர்வோகல் 76,076 மைல் ஓட்டினார். அடுத்த வருடமே அமாண்டா கோக்கர் என்ற இளம்பெண் அதையும் தாண்டி 86,573 மைலுக்குக் கொண்டுபோனார். ஆண், பெண் இருபாலரிலும் அதுவே பெரிய எண் ஆனது!

திரும்பவும் அந்தக் கடிதம்

இப்போது எடிங்டன் கடிதத்துக்கு வருவோம். அந்தக் கடிதம் எழுதப்படுவதற்கு மூன்றரை வருடம் முன்னால் நடந்தது தெரிந்தால்தான் அதன் அருமை புரியும்.

1935 ஜனவரி 11, லண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டம். இருபத்து நான்கு வயது சந்திரசேகர், ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் இருக்கும் நட்சத்திரம் வெள்ளைக் குள்ளனாக அடங்க முடியாது என்ற தன் முடிவைச் சொன்னார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று பாடப் புத்தகத்தில் இருக்கும் 'சந்திரசேகர் வரம்பு' அதுதான். அவருக்கு அடுத்துப் பேச எழுந்த எடிங்டன் அதைக் கேலி செய்து தள்ளினார். நட்சத்திரம் அப்படிச் சுருங்கிக்கொண்டே போவது அபத்தம், இயற்கையில் அதைத் தடுக்க ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றார். கூட்டம் சிரித்தது. பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் சரி சந்திரசேகர்தான். 1983-இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அப்படி அவமானப்பட்டவர் அந்த உறவை முறித்திருக்கலாம். முறிக்கவில்லை. இருவரும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1943 செப்டம்பரில் எடிங்டன் மறுபடியும் தன் எண்ணைச் சொன்னார். இப்போது 77. சில நாள் முன்னால் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள சதுப்பு நிலப் பகுதியில் 80 மைல் ஓட்டியபோது ஏறியதாம். போர்க் காலத்தில் இரவு தங்க இடம் கிடைக்கும் என்று நம்ப முடியாததால் 1940-க்குப் பிறகு சுற்றுப்பயணம் போகவில்லை, அதனால் எண் மெதுவாகத்தான் ஏறுகிறது என்றும் எழுதினார். அப்போது அவருக்கு அறுபது வயது. ஐந்து வருடத்தில் இரண்டே படி! அடுத்த வருடம், 1944 நவம்பரில் அவர் இறந்துபோனார்.

இந்தக் கணக்கெல்லாம் வெளியே தெரிய வந்ததில் சந்திரசேகருக்குப் பெரிய பங்கு உண்டு. எடிங்டன் பிறந்து நூறாண்டு ஆனபோது கேம்பிரிட்ஜில் நினைவுச் சொற்பொழிவு நிகழ்த்தியவர் அவர்தான். 1983-இல் அது புத்தகமாக வந்தது. தன்னைக் கூட்டத்தில் வைத்துக் கேலி செய்தவரின் சைக்கிள் எண்ணையும் மறக்காமல் அதில் பதிந்து வைத்தார்.

இதில் யோசிக்க ஒரு விஷயம் இருக்கிறது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த மேடையில் எடிங்டன் தன் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. யாருமே பார்க்காத சைக்கிள் கணக்கில் கால் மைல் கூட ஏமாற்றவில்லை. மனிதர்கள் அப்படித்தான் போலிருக்கிறது. மற்றவர் முன்னால் தோற்பது கஷ்டம், தனியாகத் தன் நோட்டுப் புத்தகத்தின் முன்னால் உண்மையாக இருப்பது அவ்வளவு கஷ்டமில்லை. சைக்கிள் இலக்கு வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

நோட்டுப் புத்தகம் செல்போனுக்குள் வந்த கதை

கருவிகள் மறுபடியும் மாறின. அமெரிக்க ராணுவம் உருவாக்கிய ஜிபிஎஸ் செயற்கைக்கோள் அமைப்பு 1995-இல் முழு அளவில் இயங்க ஆரம்பித்தது. ஆனால் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். சைக்கிள் எந்தத் தெருவில் போகிறது என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். ஒரே இரவில் துல்லியம் பல மடங்கு கூடியது.

2005-இல் கார்மின் நிறுவனம் எட்ஜ் என்ற சைக்கிள் ஜிபிஎஸ் கருவிகளைக் கொண்டுவந்தது. 2007-இல் வந்த நோக்கியா என்95 போனிலேயே ஜிபிஎஸ் இருந்தது. அடுத்த வருடம் ஐபோன் 3ஜியும் முதல் ஆண்ட்ராய்டு போனும் அதே வசதியோடு வந்தன. 2009-இல் ஸ்ட்ராவா தொடங்கியது. பாதை, நேரம், தூரம் எல்லாம் தானாகப் பதிவாகி நண்பர்கள் பார்க்கும்படி ஆனது. பில்லி ஃபிளெமிங் தினமும் யாரையாவது தேடிப்பிடித்து வாங்கிய சாட்சிக் கையெழுத்தை இப்போது வானத்திலிருந்து செயற்கைக்கோள் போடுகிறது!

கூடவே ஒரு கேடும் வந்தது. ஸ்ட்ராவாவில் ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஒரு வேகப் பட்டியல், முதலிடத்துக்கு ஒரு கிரீடம். தனக்காக வைத்த கணக்கு சத்தமில்லாமல் மற்றவர்களோடு போட்டியாக மாறியது. 2010-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி மலைச்சாலையில், பறிபோன தன் முதலிடத்தைத் திரும்பப் பிடிக்க இறக்கத்தில் வேகமாகப் போன ஒருவர் விபத்தில் இறந்தார். குடும்பத்தினர் ஸ்ட்ராவா மீது போட்ட வழக்கு 2013-இல் தள்ளுபடியானது. சட்டப்படி பொறுப்பு யாருடையது என்பது வேறு. ஒரு எண்ணுக்காக ஒரு உயிர் போனது நிஜம்.

இன்னொன்று ரகசியம். உலகம் முழுக்கப் பயனர்கள் ஓடிய, ஓட்டிய பாதைகளை ஸ்ட்ராவா 2017 இறுதியில் ஒரே வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் பார்த்தால், ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளில் ராணுவ முகாம்களின் உருவமே அதில் பளிச்சென்று தெரிந்தது. வீரர்கள் முகாமுக்குள் உடற்பயிற்சி செய்த தடங்கள் அவை. ராணுவத்துக்கே இந்தக் கதி என்றால், தினமும் காலையில் ஒரே வாசலிலிருந்து கிளம்பும் ஒரு மாணவியின் பாதை என்ன சொல்லும் என்று யோசித்துப் பார்க்கலாம். வீட்டுச் சுற்றுவட்டாரத்தை மறைக்கும் வசதி செயலிகளிலேயே இருக்கிறது. முதல் நாளே அதைப் போட்டுவிடுவது நல்லது.

அப்படியானால் எந்த போன்?

மேலே சொன்ன வரலாற்றில் கருவியின் வேலை எல்லாக் காலத்திலும் ஒன்றுதான். தூரம், நேரம், சாட்சி. இந்த மூன்றையும் தரும் போன் போதும். அதற்கு விலை உயர்ந்த போன் தேவையில்லை.

முதலில் பார்க்க வேண்டியது பாட்டரி. பாதைப் பதிவை விடத் திரை வெளிச்சம்தான் அதிகம் தின்னும். 5,000 எம்ஏஎச் பாட்டரி இன்று குறைந்த விலை போன்களிலேயே சகஜம். திரையை அணைத்துவிட்டுப் பையில் போட்டால் ஒரு நாள் பயணத்துக்குப் பெரும்பாலும் தாங்கும். பழைய போனாக இருந்தால் பாட்டரியை மட்டும் மாற்றினாலே போதும், புது போன் செலவு மிச்சம்.

இரண்டாவது, பின்னணியில் ஓடும் செயலியை போன் நிறுத்திவிடுகிறதா என்பது. பாட்டரியை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு பல பட்ஜெட் போன்கள் பதிவு செய்யும் செயலியைப் பாதி வழியில் மூடிவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் 60 கிலோமீட்டர் பயணம் 22 கிலோமீட்டராக இருக்கும்! பாட்டரி அமைப்புகளுக்குள் போய் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். பெரிய பயணத்துக்கு முன் தெருவை இரண்டு சுற்று சுற்றிச் சோதித்துக்கொள்வது இன்னும் நல்லது.

மூன்றாவது, துல்லியம். உயரக் கட்டடங்களில் பட்டு எதிரொலித்து வரும் சிக்னல் ஜிபிஎஸ்ஸைக் குழப்பும். எல்1, எல்5 என இரண்டு அலைவரிசைகளை வாங்கும் போன்கள் இதைக் கொஞ்சம் சமாளிக்கும். 2018-இல் ஷாவ்மியின் மி 8 போனில்தான் இது முதலில் வந்தது. பிறகு விலை குறைந்த போன்கள் சிலவற்றுக்கும் இறங்கியது. விவரப் பட்டியலில் எல்5 இருந்தால் கூடுதல் லாபம், இல்லாவிட்டாலும் திறந்த நெடுஞ்சாலையில் பெரிய நஷ்டமில்லை.

காற்றழுத்த உணரி பெரும்பாலும் விலை கூடிய போன்களில்தான் இருக்கும். மலையேற்றத்தின் உயரத்தைத் துல்லியமாகச் சொல்ல அது உதவும். தூரத்துக்கு அது வேண்டாம். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. இணையம் கிடைக்காத இடத்துக்கு முன்கூட்டியே இறக்கிவைத்த வரைபடம். ஹேண்டில்பாரில் மாட்டுவதை விடச் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ வைப்பது போனுக்கும் நல்லது, கண் சாலையில் இருப்பதால் ஓட்டுபவருக்கும் நல்லது.

சாட்சிக்கு போன் இல்லை என்றாலும் குடி முழுகிவிடாது. ஒரு நோட்டில் தேதி, போன இடம், கிலோமீட்டர் என்று மூன்று பத்தி போதும். எடிங்டன் எண்ணைப் போட அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

எந்த இலக்கு?

வரலாறு மூன்று மாதிரிகளைக் கொடுக்கிறது. காட்வின் மாதிரி மொத்த மைல், பிரவே மாதிரி நேரத்துக்குள் ஒரு தூரம், எடிங்டன் மாதிரி மெதுவாக வளரும் எண். மொத்த மைல் இலக்குக்கு நேரமும் பணமும் ஓய்வும் வேண்டும். படிப்பவருக்கோ வேலைக்குப் போகிறவருக்கோ அது சீக்கிரம் பாரமாகிவிடும். பிரவே நல்ல இலக்கு. ஆனால் வருடத்தில் சில நாள்தான் வரும், அதற்குத் தயாராக மீதி நாட்களில் ஏதாவது ஒன்று வேண்டும். அந்த மீதி நாட்களுக்கு எடிங்டன் எண் பொருத்தமாக இருக்கிறது. தேர்வு வந்து இரண்டு மாதம் ஓட்டாவிட்டாலும் எண் குறையாது. காத்திருக்கும். காய்ச்சலில் கிடந்தாலும் யாரும் முந்திவிட்டுப் போக மாட்டார்கள். கிலோமீட்டரில் வைத்துக்கொண்டால் முதல் இருபது, முப்பது படிகள் வேகமாக ஏறும். அதற்குப் பிறகுதான் எடிங்டன் பட்ட பாடு புரியும்.

எந்த இலக்கானாலும் ஒரு சோதனை போட்டுப் பார்க்கலாம். இந்த எண்ணை வேறு யாருமே பார்க்கப் போவதில்லை என்றால், அப்போதும் நாளை காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓட்டத் தோன்றுமா? தோன்றினால் அது நல்ல இலக்கு.

இன்றைய செயலிகள் 119.6 கிலோமீட்டரை 120 என்று காட்ட விரும்பினால் காட்டிவிடலாம். வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகு, தெருவை இன்னொரு சுற்று சுற்றி அந்த 400 மீட்டரை முடித்துவிட்டு வருபவர்கள் எத்தனையோ பேர். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். அந்தச் சுற்று சிரிப்புக்குரியதுதான். ஆனால் 74¾ மைலை 75 என்று எழுத மறுத்த ஒரு பேராசிரியருக்கு அது நிச்சயம் புரிந்திருக்கும்.